சிவப்புத் துணி கட்டிய வெடைக்கோழி

என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து முழங்கைக்கு மேலே நகக்குறியோடு வந்தாள். எல்.கே.ஜி.யில் சேர்த்து ஒரு பருவம்கூட முடியவில்லை. யார் கிள்ளியது என்று கேட்டால் ஒரு பெயரைச் சொல்கிறாள். மறுபடி கேட்டால் வேறொரு பெயர். இன்னொரு முறை கேட்டபோது, "நானே கிள்ளிக்கிட்டேன்" என்றாள். மிஸ்ஸுக்குப் போன் செய்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பாப்பாவை வேறு பெஞ்சுக்கு மாற்றிவிடுவதாகச் சொன்னார். சரிங்க மிஸ் என்று வைத்துவிட்டேன்.

வைத்த பிறகுதான் குழப்பம் பிடித்துக்கொண்டது. கிள்ளிய பிள்ளை இருந்த இடத்திலேயே இருக்கிறது. கிள்ளு வாங்கியவள் எதற்கு இடம் மாற வேண்டும்? திரும்பப் போன் செய்து கேட்கலாம். கேட்டால் வம்பு பிடித்த அம்மா என்று நினைப்பார்களோ. கேட்காமல் விட்டால் நான் என்ன அம்மா. என் கணவரிடம் சொன்னேன். அவர் காய் நறுக்கிக்கொண்டே, "பசங்கன்னா கிள்ளத்தான் செய்யும். இதுக்குப் போயி" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பேச்சை எங்கேயோ, வேறு யார் வாயிலோ கேட்டது போலிருந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் ஞாபகம் வந்தது. அது பிள்ளைகளைப் பற்றிச் சொன்னதல்ல. கோழியைப் பற்றிச் சொன்னது.

அப்போது எனக்கு ஏழு வயது. காரிமங்கலத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் ஊர். அப்பா மழை பெய்தால் ராகியும் கடலையும், கிணற்றில் தண்ணீர் கிடந்தால் தக்காளியும் போடுவார். வீட்டுக்குப் பின்னால் அம்மா கோழி வளர்த்தாள். அந்தக் கூட்டத்தில் செவலை நிறத்தில் ஒரு பெரிய பெட்டை உண்டு. எந்தக் கோழி எங்கே நிற்கலாம், எது முதலில் தின்னலாம், சாயங்காலம் கூட்டுக்குள் எது எப்போது ஏறலாம் என்பதையெல்லாம் அதுதான் முடிவு செய்யும். மீறினால் தலையில் ஒரு கொத்து. அப்பா அதற்குக் கண்டக்டர் என்று பெயர் வைத்திருந்தார். "கண்டக்டரு விசில் அடிக்காம உங்க அம்மாவே கூட்டுக்கிட்டப் போக முடியாது" என்பார்.

அந்த வருடம் பொங்கல் முடிந்ததும் அத்தை ஒரே ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்பாவின் தங்கை. கல்யாணமாகிக் கிருஷ்ணகிரிப் பக்கம் போனவள். அப்பாவும் அம்மாவும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். அவ்வளவு பெரிய ஆளை ஏன் பாப்பா என்கிறார்கள் என்று நான் நினைத்ததுண்டு. கொஞ்ச நாளில் போய்விடுவாள் என்றார்கள். மாசி போயிற்று, பங்குனி போயிற்று, அத்தை போகவில்லை. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். அவள்தான் என்னைக் குளிப்பாட்டித் தலை பின்னிவிடுவாள். ஒரு நாள் அவள் குனிந்தபோது காதுக்குப் பின்னால் கழுத்தில் நீளமாக ஒரு தழும்பைப் பார்த்தேன். இது என்ன அத்தை என்றேன்.

"கோழி கொத்துச்சு கண்ணு" என்றாள்.

கழுத்துவரைக்கும் எட்டிக் கொத்துகிற கோழி எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று யோசித்துப் பயந்தேன். அதற்குப் பிறகு சில நாள் கண்டக்டர் பக்கத்தில் போகவில்லை.

அத்தையின் கணவர், என் மாமா, எனக்கு நல்லவராகத்தான் தெரிந்தார். வரும்போதெல்லாம் கிரீம் பிஸ்கட் வாங்கி வருவார். அவர் வந்து அத்தையை அழைத்துப் போக வேண்டும் என்று எங்கள் வீட்டில் பேசிக்கொண்டார்கள். கடைசியில் அப்பா ஊர் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டார். ஆடித் திருவிழாவில் அத்தை கையாலேயே ஆத்தாளுக்கு ஒரு கருங்கோழி கொடுப்பது, கோயிலிலிருந்து நேராக மாமாவோடு அவளை அனுப்பிவைப்பது என்று முடிவாயிற்று. அதற்காகக் காரிமங்கலம் சந்தையில் ஒரு வெடைக்கோழி வாங்கி வந்தார். இன்னும் முட்டையிடத் தொடங்காத இளங்கோழி. உடம்பில் ஒரு வெள்ளை இறகுகூடக் கிடையாது. ஆத்தாளுக்கு நேர்ந்துவிட்டதை யாரும் விற்கவோ அடிக்கவோ கூடாது. அதைவிட முக்கியமாக, அதன் உடம்பில் ஒரு குறையும் இருக்கக் கூடாது. காயம் பட்டாலோ கொண்டை கிழிந்தாலோ அது ஆகாது. ஆத்தா உத்தரவு கொடுக்கவில்லை என்று அர்த்தம். எடுத்த காரியத்தை அதற்கு மேல் அந்த வருடம் தொடக் கூடாது.

இது ஆத்தாளுடைய கோழி என்று தெருவே தெரிந்துகொள்வதற்காக அம்மா தன் பழைய ரவிக்கையில் ஒரு சிவப்புத் துண்டைக் கிழித்து அதன் காலில் கட்டினாள். கட்டி மற்ற கோழிகளோடு விட்டாள். கண்டக்டர் நிமிர்ந்து பார்த்தது. மெதுவாக வந்தது. முதல் கொத்து அந்தத் துணியில் விழுந்தது.

அதன் பிறகு ஒவ்வொன்றாக எல்லாமே கொத்தின. அதுவரைக்கும் எல்லாரிடமும் கொத்து வாங்கிக்கொண்டிருந்த நொண்டிப் பெட்டைகூட வந்து ஒரு கொத்துக் கொத்திவிட்டுப் போனது. அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சாயங்காலத்துக்குள் கருங்கோழியின் காலில் ரத்தம் கசிந்தது. வால் அடியில் இறகு உதிர்ந்து தோல் தெரிந்தது. அம்மா பதறிப்போய் அதைப் பிடித்துப் பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து மூடினாள்.

அத்தை அதுவரை கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கணவன் வீட்டில் நிறையக் கோழி வளர்த்தவள் அவள்.

"அண்ணி, இத ஏன் மூடறீங்க? கொத்தறத எடுத்து மூடுங்க" என்றாள்.

"அது பாட்டுக்கு வெளிய இருந்துட்டுப் போவுது பாப்பா. இதுக்குத்தான அடி பட்டிருக்கு."

"அடிபட்டத ஒதுக்கி வெச்சா, திரும்ப உள்ள விடற அன்னிக்கு அது மறுபடியும் புதுசுதான். மொதல்ல இருந்து ஆரம்பிக்கும். வாங்கினதெல்லாம் மறுபடி வாங்கணும். கொத்தறத நாலு நாளு வெலக்கி வைங்க. அது திரும்பி வாரப்ப அதுதான் புதுசு. கொழுப்பு எறங்கிரும்."

அம்மா கொஞ்ச நேரம் அத்தையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கூடையைத் தூக்கிக் கருங்கோழியை வெளியே விட்டாள். கண்டக்டரைப் பிடிக்க நாங்கள் மூன்று பேரும் வீட்டைச் சுற்றி ஓடினோம். பிடிபட்டதும் அது போட்ட சத்தத்தில் அப்பா வயலிலிருந்தே என்ன என்று கேட்டார்.

அத்தை சிவப்புத் துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டு மஞ்சள் துணி கட்டினாள். சிவப்பைக் கண்டால் ரத்தம் என்று நினைத்துக் கோழிகள் கொத்திக்கொண்டே இருக்கும் என்றாள். காயத்தில் வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தடவினாள். ராகியை ஒரே இடத்தில் கொட்டாமல் வீசி இறைக்கச் சொன்னாள். தண்ணீர்ச் சட்டியை ஒன்றுக்கு இரண்டாக வைத்தாள். முருங்கைக் கீரையைக் கட்டாகக் கட்டி, கோழிகள் எம்பினால்தான் எட்டும் உயரத்தில் தொங்கவிட்டாள். வேலையில்லாத கோழிதான் கொத்தும், எம்பிக்கொண்டிருக்கிற கோழிக்கு நேரமிருக்காது என்பது அவள் கணக்கு. கண்டக்டர் கூடைக்குள்ளிருந்து எல்லாவற்றையும் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது.

அத்தை சொன்னபடியே நடந்தது. நாலைந்து நாள் கழித்துக் கண்டக்டரை வெளியே விட்டபோது அது யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் ஓரமாகப் போய் மண்ணைக் கிளறியது. கருங்கோழிக்கு இறகு முளைத்தது. ஆனி முடிவதற்குள் அதன் கழுத்து வெயிலில் பச்சையும் நீலமுமாகப் பளபளத்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை என்று அப்பா சொல்லியிருந்தார். ஊர்ப் பிள்ளைகள் எல்லாரிடமும் நான் ஆத்தாளின் கோழிக்குக் காவல் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆடி பிறந்ததும் மாமா வீட்டுக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு அப்பா சிரித்த முகமாக வந்தார். "நோம்பிக்கு வந்துடறாங்களாம் பாப்பா. மாப்ளையே வாராராம்" என்றார். நோம்பி என்றால் எங்கள் பக்கத்தில் திருவிழா. அத்தை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவின பாத்திரத்தையே எடுத்து மறுபடி கழுவினாள். அம்மா அவளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கோழிக்குத் தீனி போட்டாயிற்றா என்று என்னைக் கேட்டாள்.

திருவிழாவுக்கு முந்தின நாள் காலையில் நான் சீக்கிரம் எழுந்துவிட்டேன். அப்பா பந்தல் வேலைக்குப் போயிருந்தார். பின்பக்கம் போனேன். அத்தை மண்ணில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கருங்கோழி. அதன் காலில் இருந்த மஞ்சள் துணியை அவிழ்த்துவிட்டு, அந்தப் பழைய சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டிருந்தாள். அதை எங்கே எடுத்து வைத்திருந்தாள் என்று தெரியவில்லை. முடிச்சுப் போட்டுவிட்டுக் கருங்கோழியைப் பஞ்சாரத்துக்குள் விட்டாள். உள்ளே ஏற்கெனவே கண்டக்டர் இருந்தது. கூடையைக் கவிழ்த்து மேலே கல்லையும் வைத்தாள்.

உள்ளே சத்தம் தொடங்கியது. அத்தை காதைப் பொத்திக்கொள்ளவில்லை. கூடையின் மேல் ஒரு கையை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"அத்தே, செவப்பு ஆகாதுன்னு நீங்கதான சொன்னீங்க?" என்றேன்.

அத்தை திரும்பிப் பார்த்தாள். "ஆமா. நாந்தான் சொன்னேன்" என்றாள். பிறகு, "போயிப் பல்லு வெளக்கு கண்ணு" என்றாள்.

நான் போனேன். பெரியவர்கள் சொன்னால் செய்துவிடுகிற பிள்ளை நான். பல் விளக்கிக்கொண்டே யோசித்தேன். திருவிழாவுக்கு முன்னால் கோழிக்கு இப்படி ஏதோ ஒரு முறை செய்வார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். அத்தைக்குத் தெரியாத கோழி வித்தையா.

நான் திரும்பி வந்தபோது அம்மா அங்கே நின்றிருந்தாள். கூடை நிமிர்ந்து கிடந்தது. கருங்கோழியின் கொண்டை கிழிந்து ரத்தம் கண்ணில் வழிந்தது. காலில் அந்தச் சிவப்புத் துணி. அம்மா அதைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள். அத்தை தரையைப் பார்த்தாள். அம்மா குனிந்து அந்தத் துணியை அவிழ்த்து, சுருட்டி, இடுப்பில் சொருகிக்கொண்டாள். சொருகிய பிறகு என்னைக் கவனித்தாள்.

அப்பா வந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "இத்தன மாசம் காப்பாத்தி இன்னிக்கா? யாரு பாத்துக்கிட்டது?" என்றார்.

"புள்ளதாங்க பாத்துட்டிருந்தா. ஒக்காந்த எடத்துலயே தூங்கிட்டா" என்றாள் அம்மா.

நான் தூங்கவில்லை. வாயைத் திறந்தேன். அம்மா என் தோளில் கையை வைத்து அழுத்தினாள். பொய் சொன்னால் வாயில் சூடு போடுவேன் என்று தினமும் சொல்கிற அம்மா. அப்பா என்னைத் திட்டினார். ஒரு கோழியைப் பார்த்துக்கொள்ளத் துப்பில்லை என்றார். அடிக்கவில்லை. ஆனால் அதுவரை அவர் என்னைத் திட்டியதே இல்லை. பிறகு அவரே குரலைத் தணித்துக்கொண்டு, "அவ அசந்ததும் ஆத்தா செயல்தான். உத்தரவு குடுக்கல, விடு" என்றார்.

மறுநாள் மாமா வந்தார். கிரீம் பிஸ்கட்டை என் கையில் கொடுத்துவிட்டு, நேராகப் பின்பக்கம் போய்க் குந்தி உட்கார்ந்து கோழியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கோழின்னா கொத்தத்தான் செய்யும். இதுக்குப் போயி நோம்பியும் அதுவுமா என்னய வெறுங்கையா அனுப்பறீங்களா மச்சான்?" என்றார்.

அம்மா சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருந்தபடி பேசினாள். மாமா முன்னால் அம்மா அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"கொத்துப்பட்டதத் திரும்பக் குடுத்தா ஆத்தா ஏத்துக்க மாட்டாங்க தம்பி. சாமி காரியம். நீங்க சாப்பிட்டுட்டுப் போங்க."

மாமா சாப்பிட்டார். இரண்டாம் முறை குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டார். சாமி காரியத்தில் அவரும் வாதாட முடியாது. போகும்போது அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அத்தை கடைசிவரை உள்ளறையிலிருந்து வெளியே வரவில்லை.

அடுத்த வருடம் யாரும் கோழி வாங்கவில்லை. அதற்குள் அத்தை தருமபுரியில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்து தினமும் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தாள். இன்றைக்கும் தருமபுரியில்தான் இருக்கிறாள், தனியாக, சொந்தத் தையல் கடையோடு. கருங்கோழி கொண்டை வளைந்துபோய் வெகுநாள் உயிரோடு இருந்தது. சொல்லத் தயக்கமாக இருக்கிறது, கண்டக்டருக்குப் பிறகு அந்தக் கூட்டத்துக்கு அதுதான் கண்டக்டர். புதிதாக எந்தக் கோழி வந்தாலும் முதல் கொத்து அதனுடையது. இதை நினைக்கும்போதெல்லாம் என் மகளும் நாளைக்கு யாரையாவது கிள்ளுவாளோ என்று வேறு கவலை வந்துவிடுகிறது.

போன வாரம் அத்தைக்குப் போன் செய்து பெஞ்சு மாற்றிய கதையைச் சொன்னேன். தையல் மிஷின் சத்தம் நின்றது.

"கிள்ளற புள்ளயத்தான எடம் மாத்தணும்? நீ என்ன சொன்ன?"

"சரிங்க மிஸ்னு சொல்லிட்டேன் அத்தே."

"நல்லாச் சொன்ன போ. படிச்சவ பாரு" என்று சிரித்தாள்.

அவள் சிரித்த தைரியத்தில், இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டுவிட்டேன். "அத்தே, அன்னிக்கு நான் தூங்கிட்டனா?"

எதற்கு, என்றைக்கு என்று அவள் கேட்கவில்லை. "உனக்கு ஏது கண்ணு தூக்கம்? பொறந்ததுல இருந்தே உனக்குத் தூக்கம் கெடையாது" என்றாள். மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

போனை வைத்துவிட்டு மிஸ்ஸுக்கு நாளை என்ன சொல்வது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன். இதை எழுதும் வரை சரியாக வரவில்லை.

அம்மாவிடம் நான் கேட்டதில்லை. பழி எங்கேயாவது விழுந்தாக வேண்டும், யார் தலையில் விழுந்தால் திட்டோடு போகுமோ அந்தத் தலையை அவள் தேடியிருக்கிறாள் என்பது எனக்குப் பிள்ளை பிறந்த பிறகுதான் மெல்ல விளங்குகிறது. அன்றைக்கு விளங்கவில்லை. அம்மா அவ்வளவு உறுதியாகச் சொல்லிவிட்டதால், நான் தூங்கித்தான் போயிருக்க வேண்டும், அத்தை துணி கட்டியதெல்லாம் தூக்கத்தில் வந்த கனவாக இருக்க வேண்டும் என்று என்னையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

மாமா போன பிறகு ஊரெல்லாம் கோயிலில் இருந்தது. மேளச் சத்தம் வீடுவரை கேட்டது. நான் போகவில்லை. பின்பக்கம் போய் அந்தக் கருங்கோழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கண் மூடிவிடக் கூடாது என்று என் தொடையை நானே கிள்ளிக்கொண்டேன். அத்தை அழுத கண்ணோடு வந்தாள். கோயிலுக்குப் போகலையா கண்ணு என்றாள். இல்லை, நான் கோழியைப் பார்த்துக்கொள்கிறேன், இந்தத் தடவை தூங்க மாட்டேன் என்றேன். தூங்காமல் பார்த்துக்கொண்டால் காயம் ஆறிவிடும், ஆறிவிட்டால் மாமா வந்து உங்களை அழைத்துக்கொண்டு போய்விடுவார், நீங்கள் அழ வேண்டாம் என்றும் சொன்னேன்.

அத்தை ஏன் அப்படி என்னை இறுக்கிக் கட்டிப்பிடித்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் தோளுக்கு மேலாக, இமைக்காமல், கோழியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.